திருகோணமலை வீட்டு முன்வாசலைப் புதுப்பிக்க முழுமையான வழிகாட்டி: கூரை முதல் நிறைகுடம் வரை

வீட்டு முன்பக்கத்தை அழகுபடுத்த நினைத்ததும் நம் கால் நேரே ரைல்ஸ் கடைக்குத்தான் போகும். அடுத்தது பெயின்ற் கடை. திருகோணமலையில் அந்த வரிசையில் வேலை செய்தால் இரண்டு மாரிக்குள் ரைல்ஸ் ஓரம் கறுக்கும், சுவரின் அடியில் உப்புப் பூக்கும், கதவு நிலை கால் உளுக்கும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர் இது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று மழையைச் சாய்த்து அடிக்கும். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று புழுதியை வாரி விறாந்தையில் கொட்டும். உப்பு ஆண்டு முழுவதும் காற்றில் இருக்கும். இங்கே முன்வாசல் வேலை மழைநீரில் தொடங்கி, தரைக்கு வந்து, கதவுக்குப் போய், அலங்காரத்தில் முடிய வேண்டும். இந்த வழிகாட்டியும் அதே ஒழுங்கில்தான் போகிறது.

முதற்படி: ஒரு மழைக்காலம் முழுக்கப் பாருங்கள்

எந்தச் செலவுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. ஐப்பசி கடைசியில் மழை தொடங்கியதும் ஒரு கரித்துண்டையோ சோக்கையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாரல் விறாந்தைத் தரையில் எதுவரை நனைக்கிறது, எந்தச் சுவர் எந்த உயரம் வரை ஈரமாகிறது, முற்றத்துத் தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது, வீதித் தண்ணீர் கேற்றுக்குள் வருகிறதா என்று கோடு போட்டு வைத்து, கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரின் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில்தான் கொட்டுகிறது. அந்தக் காலத்தில் பார்க்காமல் விட்டால் ஆனி வெயிலில் நின்று ஊகிக்க வேண்டி வரும்.

வாசல் எந்தத் திசை என்பதும் இங்கே முக்கியம். வடக்கும் கிழக்கும் பார்த்த வாசலுக்கு வாடை மழை எதிரி. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த வீடென்றால் உப்பும் சேரும். மேற்கும் தெற்கும் பார்த்த வாசலுக்கு மழை அவ்வளவு தொல்லை தராது. பின்னேர வெயிலும் கச்சான் புழுதியும்தான் தொல்லை. எதிர் வீட்டுக்காரர் செய்ததை அப்படியே பார்த்துச் செய்வது பல நேரம் பிழைப்பது இதனால்தான். வீதிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்கு வெயிலும் சாரலும் எதிர்ப்பக்கத்தில் விழும்.

இரண்டாம் படி: அளவு, அனுமதி, காலம்

விறாந்தையின் நீள அகலம், தரை மட்டத்துக்கும் வீதி மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம், கதவு நிலையின் உள் அளவு, கூரை விளிம்பு தூணுக்கு வெளியே எவ்வளவு நீள்கிறது ஆகிய நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளதைத் திருத்துவதென்றால் பெரிய சிக்கல் இல்லை. புதிதாகப் போர்ட்டிகோ இறக்குவதோ விறாந்தையை வீதிப்பக்கம் நீட்டுவதோ என்றால், அத்திவாரம் வெட்டும் முன் உங்கள் உள்ளூராட்சி சபையில் கேட்டு, வீதியிலிருந்து விட வேண்டிய தூரத்தை உறுதிசெய்து அனுமதி எடுங்கள்.

வேலையை மாசியில் தொடங்குவது நல்லது. மழை ஓய்ந்திருக்கும், கச்சான் இன்னும் எழும்பியிருக்காது. சீமெந்து வேலையைப் பங்குனிக்குள் முடித்து, கதவு வேலையைச் சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வருடப்பிறப்புக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று மேசனை நெருக்காதீர்கள். புதுப் பூச்சு ஒரு கிழமையாவது நனைத்துப் பேணப்பட வேண்டும், பெயின்ற் ஏற 28 நாளாவது காய வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத இடத்தில்தான் பெயின்ற் கொப்புளிக்கிறது.

மூன்றாம் படி: கூரை

கூரை விளிம்பு தூணுக்கு வெளியே இரண்டரை அல்லது மூன்று அடி நீண்டிருந்தால் சாய்ந்து வரும் மழையில் பாதி வெளியிலேயே நின்றுவிடும். பழைய ஓட்டு வீடுகளில் இறவாரம் தாழ இறங்கி நின்றது சும்மா இல்லை. இப்போது ஒன்றரை அடியில் வெட்டி நிறுத்திவிட்டு, சாரலைத் தடுக்கக் கண்ணாடி போடுகிறோம். கூரையை நீட்ட இடமில்லாவிட்டால் மழைக்காலத்துக்கு மட்டும் சுருட்டி இறக்கும் மூங்கில் தட்டியோ தடித்த படங்கோ போதும். தையில் கழற்றி, காயவைத்து, உள்ளே எடுத்து வைத்துவிடலாம்.

தகரம் அல்லது சீற் போடுகிறவர்கள் காற்றையும் நினைக்க வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் இந்த மாவட்டத்தின் வட கரையில் திரியாய்ப் பக்கமாகத்தான் தரை தொட்டது. முன்பக்கம் திறந்திருக்கும் விறாந்தைக்குள் காற்று புகுந்தால் அது கூரையைக் கீழிருந்து தூக்கும். ஆகவே கொக்கி ஆணிகளை விளிம்பு வரிசையில் நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்கள்; தீராந்தியைத் தூணோடு இரும்புப் பட்டியால் கட்டச் சொல்லுங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கழற்ற வேண்டியிருந்தால் நன்றாக நனைத்து, முகக்கவசம் போட்டு, உடைக்காமல் முழுதாக இறக்க வேண்டும். அதைக் காய்ந்தபடி வாளால் அறுக்க விடாதீர்கள்; அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு.

கொங்கிறீற் தட்டு போடுவதென்றால் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். கடற்கரை மணல் ஒரு கை கூடச் சேரக்கூடாது. அதிலுள்ள உப்பு கம்பியைத் தின்றுவிடும். மகாவலி ஆற்று மணல் கிடைக்கும் மாவட்டம் இது, அதையே கேட்டு வாங்குங்கள். கம்பிக்குக் கீழே ஒன்றரை அங்குலமாவது கொங்கிறீற் மூடியிருக்க வேண்டும். தட்டின் அடிப்புற விளிம்பில் நீளத்துக்கு அரை அங்குலக் காடி ஒன்று விடச் சொன்னால் தண்ணீர் அங்கேயே சொட்டி விழும். சுவரை நோக்கி ஊராது.

நான்காம் படி: தரை, படி, தண்ணீர் போக்கு

முழு வேலையிலும் அதிகக் கவனம் கேட்பது இதுதான். மேசன் தரை போடத் தொடங்கும் முன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தம்பி, இஞ்ச ஒரு வாளி தண்ணி ஊத்தினா எங்கால போகும்?” அவர் கையைக் காட்டிச் சொல்ல வேண்டும். சொல்லத் தயங்கினால் ரசமட்டத்தை எடுத்து வைத்து இருவரும் சேர்ந்து பாருங்கள்.

விறாந்தைத் தரை வீட்டுக்குள் இருக்கும் தரையைவிட ஒன்று தொடக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். எட்டு அடி அகல விறாந்தையில் கதவடியிலிருந்து வெளி விளிம்பு வரை ஓர் அங்குலம் சரிவு போதும். கண்ணுக்குத் தெரியாது, கதிரை ஆடாது, தண்ணீர் மட்டும் ஓடிவிடும். ரைல்ஸ் பதித்து முடிந்ததும் கூலியைக் கொடுக்கும் முன் ஒரு வாளி தண்ணீரைக் கதவடியில் ஊற்றிப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் எங்காவது கையளவு தண்ணீர் நின்றால் அந்த ரைல்ஸைத் திருப்பிப் பதிக்கச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். ஆறு மாதம் கழித்துச் சொல்ல முடியாது.

வீதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் மட்டம் கொஞ்சம் உயர்கிறது. பழைய வீடுகளில் முற்றம் வீதிக்குக் கீழே போய்விட்டது. விறாந்தை வீதி மட்டத்திலிருந்து ஒன்றரை அடியாவது உயர்ந்திருந்தால் நிம்மதி. ஒன்றரை அடிக்கு ஆறு அங்குலம் உயரத்தில் மூன்று படி வரும். மிதிக்கும் அகலம் 12 அங்குலம். படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். வயதானவர்கள் இடறி விழுவது பெரும்பாலும் ஒரு படி மட்டும் ஓர் அங்குலம் கூடிக் குறைந்திருக்கும் இடத்தில்தான். சக்கர நாற்காலிக்குச் சரிவு வைப்பதென்றால் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும், அதாவது ஒன்றரை அடிக்கு 18 அடி. அவ்வளவு முற்றம் பலருக்கு இல்லை. சுவரோரமாகத் திருப்பி எடுக்கலாம். அதற்கும் இடமில்லாவிட்டால் படியின் ஒரு பக்கத்திலாவது மூன்று அடி உயரத்தில் கைபிடி வையுங்கள். அம்மா அப்பா இருக்கிற வீட்டுக்கு எந்தத் தொங்கு விளக்கையும்விட அந்தக் கைபிடி தேவை.

ரைல்ஸ் தெரிவில் மினுக்கம் வேண்டவே வேண்டாம். ஈரக்காலோடு மினுக்க ரைல்ஸில் ஏறிய எந்தப் பிள்ளையையும் கேட்டுப் பாருங்கள். வெளியிடத்துக்கான சொரசொரப்பான ரைல்ஸ் எடுங்கள். பெட்டியில் ஆர்11 என்று வழுக்காமைத் தரம் போட்டிருந்தால் நல்லது. வெள்ளையும் கடுங்கறுப்பும் புழுதியைக் காட்டிக் கொடுக்கும். மணல் நிறமும் சாம்பலும் தாங்கும். ரைல்ஸுக்கு இடையில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விட்டுப் பதிக்கச் சொல்லுங்கள். வெயிலில் விரிய இடமில்லாத ரைல்ஸ் ஒருநாள் பட்டென்று எழும்பும்.

எனக்கு விருப்பம் சிவப்புச் சீமெந்துத் தரைதான். பழைய வீட்டில் அது இன்னும் வெடிக்காமல் இருந்தால், தயவுசெய்து அதன்மேல் ரைல்ஸ் ஒட்டாதீர்கள். நன்றாகக் கழுவி, கீறல்களை நிறச் சீமெந்தால் அடைத்து, சிவப்புப் பொலிஷ் போட்டுத் தும்பால் தேய்த்தால் மத்தியானத்தில் வெறுங்காலை வைக்கக் குளிர்ச்சியாக இருக்கும். இன்றைக்கு அதைப் புதிதாகப் போடத் தெரிந்த மேசன்மார் குறைந்து வருகிறார்கள். இருப்பதைக் காப்பாற்றுவது லாபம்.

படிக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு தண்ணீர்ப் பைப்பும் இரண்டு அடிச் சதுரத்தில் கால் கழுவ ஒரு கல்லும் வையுங்கள். கடற்கரை மணலோடு வருகிறவர்களுக்கும் கோயிலுக்குப் போய் வருகிறவர்களுக்கும் செத்த வீட்டுக்குப் போய் வருகிறவர்களுக்கும் இது வேண்டும். கழிவு நீரைச் செவ்விளநீர்க் கன்றுக்கோ வாழைக்கோ திருப்பிவிடலாம்.

ஐந்தாம் படி: சுவரின் அடி

சுவரின் கீழ் இரண்டு மூன்று அடி உப்புப் பூத்து உதிர்ந்தால் அதன்மேல் புட்டி அடித்து மறைப்பது பணத்தை வீசுவது. பழைய பூச்சை ஈரக் கோட்டுக்கு மேலே ஓர் அடி வரை கொத்தி எடுத்து, கல்லைத் துலக்கி, சில கிழமை காயவிட்டு, தண்ணீர் தடுப்பு மருந்து சேர்த்து, சீமெந்து ஒன்றுக்கு மணல் நான்கு என்ற கலவையில் பூச வேண்டும். வெளியே மண் சுவரோடு உயர்ந்து கிடந்தால் அதையும் வெட்டி இறக்குங்கள். பல வீடுகளில் ஈரத்துக்கு முழுக் காரணமே பூச்செடிக்காகச் சுவரோடு அணைத்த அந்த மண்தான்.

ஆறாம் படி: நிலையும் கதவும் இரும்பும்

முன்கதவுக்கு முதிரையை மிஞ்ச எதுவும் இல்லை. கறையான் எளிதில் அண்டாது, மழையில் பெரிதாக வீங்காது, எண்ணெய் பூசினால் பொன்னிறமாக மினுங்கும். பாலையும் நிலைக்கு நல்லது; ஆனால் பாரம், ஆணி இறங்காது. மகோகனி விலையிலும் தாங்கும் தன்மையிலும் இடைநடு. கூரைக்கு உள்ளே தள்ளி நிற்கும் கதவென்றால் போதும். ஒட்டுப் பலகைக் கதவை வெளிவாசலுக்குப் போடாதீர்கள். வாடைக் காலத்தில் பலகை பலகையாகப் பிரியும். மரம் வாங்கும்போது பற்றுச்சீட்டையும் போக்குவரத்து அனுமதிப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். பழைய வீடு இடிக்கும் இடத்தில் முதிரை நிலை கிடைத்தால் இன்னும் விசேடம், அது ஏற்கெனவே காய்ந்து முடிந்த மரம்.

கதவு மூன்றரை அடி அகலம், ஏழு அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் அலுமாரியும் உள்ளே போகும், கலியாணத்தில் இரண்டு பேர் சேர்ந்தும் நுழையலாம்.

நிலை உளுக்கத் தொடங்குவது எப்போதும் அடி நான்கு அங்குலத்தில். அங்கே குனிந்து, ஒரு திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் முழு நிலையையும் மாற்றத் தேவையில்லை. கெட்ட பகுதியைச் சாய்வாக அறுத்து, அதே மரத்தில் ஒட்டுப் போடத் தச்சருக்குத் தெரியும். புது நிலையென்றால் காலின் வெட்டு முகத்துக்கு, அதாவது மர நரம்புகள் வாய் திறந்திருக்கும் அந்த அடிப்பக்கத்துக்கு, இரண்டு மூன்று முறை பிறைமர் குடிக்கக் கொடுத்த பிறகே நிறுத்த வேண்டும். கண்ணில் படாத இடம் என்பதால் விட்டுவிடுவார்கள். பக்கத்தில் நின்று செய்விக்க வேண்டியது இது ஒன்றுதான். கதவுப் பலகையின் அடி விளிம்புக்கும் இதே கதி, இதே மருந்து.

இரும்புக்கு வருவோம். பிணைச்சல், கொண்டி, பூட்டு, கைபிடி எல்லாம் பித்தளையில் எடுங்கள். பொன் பூச்சு அடித்த மலிவு உலோகம் ஒரு வருடத்தில் புள்ளி விழும். கறுக்காத உருக்கு (ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல்) என்று கடையில் கொடுப்பது பொதுவாக 304 வகை. உப்புக் காற்றில் அதிலும் தேயிலைச் சாயம் மாதிரி கறை படியும். கடலுக்குக் கிட்டிய வீடென்றால் 316 கேளுங்கள். அதில் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பு துளைபோடுவது குறைவு. ஆணி, திருகாணிகளும் அதே உலோகமாக இருக்க வேண்டும். பித்தளைப் பிணைச்சலில் சாதாரண இரும்புத் திருகாணி போட்டால் முதலில் திருகாணித் தலையைச் சுற்றி ஒரு செம்மஞ்சள் வளையம் வரும்; அடுத்த மாரியில் தலை கழன்று விழும்; பிணைச்சல் புதிதுபோல் மினுங்கிக்கொண்டே தொங்கும்.

கேற்றுக்கும் கிறிலுக்கும் துத்தநாகம் பூசிய கல்வனைஸ் குழாய் எடுங்கள். வெல்டிங் பண்ணிய ஒவ்வொரு மூட்டிலும் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும். அந்த இடங்களைத் தேய்த்து, துத்தநாகம் கலந்த பிறைமர் இரண்டு தடவை அடித்த பிறகே நிறம். குழாய் வாய்களை மூடி அடைக்கச் சொல்லுங்கள். உள்ளே தண்ணீர் போனால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

ஏழாம் படி: விறாந்தையை அடைக்காதீர்கள்

முன்விறாந்தையைச் சுற்றிக் கிறில் அடித்து, கண்ணாடி போட்டு, இன்னோர் அறையாக்கும் வழக்கம் ஊரில் பரவியிருக்கிறது. பாதுகாப்புக்கு என்று சொல்வார்கள், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அடைத்ததும் வீட்டுக்குள் காற்று நின்றுவிடும், மண்டபம் இருண்டுவிடும், தபால்காரரையும் கடன் கேட்டு வந்தவரையும் மச்சாள் வீட்டாரையும் ஒரே இடத்தில் வைத்துப் பேச வேண்டியிருக்கும். வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவில், செருப்பைக் கழற்றாமலே இருந்து கதைத்துவிட்டுப் போகக் கூடிய அந்த இடம் நம் வாழ்க்கைக்குத் தேவை. பாதுகாப்பை முன்கதவிலும் யன்னல்களிலும் வையுங்கள். விறாந்தைக்கு ஒரு அரைச்சுவரும் ஒரு படலையும் போதும்.

அந்த அரைச்சுவரைத் திண்ணையாக்குங்கள். உயரம் 17 அங்குலம், அகலம் 16. மேலே சிவப்புச் சீமெந்தோ ஒரு முதிரைப் பலகையோ. கீழே வெறுமையாக விட்டால் செருப்புக்கு இடம் கிடைக்கும். செருப்பு றாக்கை 12 அங்குல ஆழம் இருந்தால் ஆண்களின் சப்பாத்தும் அடங்கும். அதற்கு முன்கதவு போட்டு மூடாதீர்கள். மாரியில் ஈரச் சப்பாத்து பூஞ்சணம் பிடிக்கும். சட்டமாக, இடைவெளி விட்டு அடியுங்கள். தரையிலிருந்து ஆறு அங்குலம் தூக்கி வைத்தால் தும்புத்தடி உள்ளே போகும், தேளும் பூரானும் தெரியும்.

ஒரு பக்கச் சுவரில் குடைக்கும் தலைக்கவசத்துக்கும் ஐந்து அடி உயரத்தில் கொழுவிகள், பிள்ளைகளின் பைக்கு மூன்று அடியில் இன்னொரு வரிசை. திறப்புக்கு ஒரு சின்ன லாச்சி கதவுக்கு உள்பக்கமாக, யன்னலால் கை எட்டாத தூரத்தில். கதவடியில் தும்புக் கால்மிதி; அது கதவைத் தட்டாமல் இருக்கத் தரையில் அதன் தடிப்புக்குக் குழி விட்டால் நன்று.

எட்டாம் படி: விளக்கு

கதவின் இரு பக்கத்திலோ ஒரு பக்கத்திலோ ஐந்தரை அடி உயரத்தில் சுவர் விளக்கு, படிக்கு நேர்மேலே கூரையில் ஒன்று. 2700 தொடக்கம் 3000 கெல்வின் மஞ்சள் ஒளி முகத்துக்கும் அழகு, முதல் மழை ஈசலும் வெள்ளை ஒளிக்கு வருமளவு வராது. மழை படும் விளக்கென்றால், தண்ணீர் புகாத தரத்தைக் காட்டும் ஐ.பி.65 என்ற குறி இருக்க வேண்டும். வெளி வயர் வேலையைத் தகுதியுள்ள மின் வேலைக்காரரிடமே கொடுங்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வீட்டில் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: செடிகளும் மான்களும்

நகருக்குள் இருப்பவர்கள் செடி வாங்கும் முன் புள்ளிமான்களை நினைக்க வேண்டும். பிரட்றிக் கோட்டையில் நிற்கும் மான்கள் அங்கேயே நிற்பதில்லை. கடைத்தெருவுக்கும் வீட்டு வாசலுக்கும் வரும். செவ்வரத்தையும் ரோசாவும் வாசலில் வைத்தால் விடிய முன் மொட்டையாகிவிடும். அவற்றை அரைச்சுவருக்கு உள்ளே வையுங்கள். கேற்றடிக்கு நித்தியகல்யாணியும் கற்றாழையும் போகன்வில்லாவும் போதும். மூன்றும் உப்பையும் வறட்சியையும் தாங்கும், கச்சான் வெயிலில் வாடாது. அலரியையும் மான் தொடாது. ஆனால் அதன் பாலும் இலையும் நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். 2017இல் கிண்ணியாவில் டெங்கு எத்தனை வீடுகளை அழ வைத்தது என்பது இந்த மாவட்டத்துக்குத் தெரியும். சாடியை மூன்று கல்லின்மேல் தூக்கி வைத்து, தண்ணீர் நேரே மண்ணுக்கு ஓட விடுங்கள். தாமரைத் தொட்டி ஆசை இருந்தால் அதில் மீன் விடுங்கள்.

பத்தாம் படி: நிறமும் அலங்காரமும்

இப்போதுதான் பெயின்ற் கடை. புதுச் சுவருக்குக் காரம் தாங்கும் பிறைமர், அதன்மேல் வெளிச்சுவர் அக்ரிலிக் இரண்டு தடவை. சுண்ணாம்பு வெள்ளை, தயிர் நிறம், வெளிர் மஞ்சள் ஆகியவை வெயிலைத் திருப்பி அனுப்பும். சுவரின் அடி ஓர் அடிக்குக் காவி நிறம் விட்டால் மழைச் சேறு தெரியாது. கதவு மரமாகவே இருக்கட்டும், அதற்கு நிறம் அடிப்பது பாவம்.

அலங்காரம் குறைவாக இருந்தால் போதும். நிலைக்கு மேலே மாவிலை கட்ட இரண்டு பித்தளைக் கொக்கியை இப்போதே பதித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு விசேடத்துக்கும் நிலையில் ஆணி அடிப்போம், அந்த ஓட்டைகளால்தான் தண்ணீர் இறங்கும். விளக்கு வைக்கச் சுவரில் ஒரு மாடம், காற்று வரும் திசைக்குப் புறமாக. கோலத்துக்குப் படியின் முன் நான்கு அடிச் சதுரத்தில் சொரசொரப்பில்லாத ஒரு சீமெந்துத் தளம். கேற்றுக்குப் பக்கத்தில், ஒரு சிறிய மேசை வைக்க இடம் விடுங்கள். மகா சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும்போது நிறைகுடம் வைத்து வரவேற்கிற வீதிகளில், அந்த இடத்தை அடைத்துப் பூச்சாடி கட்டியவர்கள் வீதி விளிம்பில் மேசையை ஆட்டி ஆட்டி நிறுத்துவதைப் பார்க்கலாம். சீமெந்தில் இரண்டு குழாய்த் துண்டுகளைப் பதித்து மூடி வைத்தால் வாழை கட்டவும் உதவும். முஸ்லிம், கிறிஸ்தவ வீடுகளுக்கும் கலியாணப் பந்தல் கால் நிறுத்த அதே குழாய்கள் பயன்படும்.

ஆண்டுதோறும் செய்ய வேண்டியவை

புரட்டாசியில் கூரைப் பீலியில் இறங்கிய சருகை அள்ளி, தட்டிகளை எடுத்து மாட்டுங்கள். தை கடைசியில் கேற்றையும் கிறிலையும் பிணைச்சல்களையும் நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, பிணைச்சலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். முதிரைக் கதவுக்கு வருடத்துக்கு ஒரு முறை லின்சீட் எண்ணெய். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிட வேண்டும், சுருண்டு கிடந்தால் அது தானாகவே தீப்பிடிக்கலாம். துருப் புள்ளி எங்காவது கண்டால் அன்றைக்கே தேய்த்துப் பிறைமர் வையுங்கள். அடுத்த மாரி வரை விட்டால் அது குழாய்க்குள் இறங்கிவிடும்.